கல்லின் மேல் பெயரும் செங்கல்லின் மேல் பெயரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உரோம் நகரின் நடுவே பாந்தியன் என்னும் பழங்கோயில் நிற்கிறது. அதன் முகப்பில், தொலைவில் வருவோரும் படிக்கத்தக்க பெரிய எழுத்துகளில், இலூசியசின் மகனாகிய மார்க்கஸ் அகிரிப்பா மூன்றாம் முறை கான்சல் பதவி வகித்த காலத்தில் இதனைக் கட்டினார் என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அகிரிப்பா, அகஸ்டஸ் பேரரசரின் நண்பர், படைத்தலைவர், மருமகனும் ஆனவர், கி.மு. 12இல் மறைந்தவர். நெடுங்காலம் கற்றோரும் மற்றோரும் முகப்பு வாசகத்தையே சான்றாகக் கொண்டனர். 1892இல் ஜார்ஜ் ஷெதான் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவரின் உள்ளீடாக இருந்த செங்கற்களை எடுத்து ஆராய்ந்தார். அவற்றில் சூளை முத்திரைகள் இருந்தன. அம்முத்திரைகள் அகிரிப்பாவின் காலத்தைச் சேர்ந்தவையல்ல. நூறாண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட ஏட்ரியன் காலத்தவை. கட்டடப் பணி அவருக்கு முந்திய திராயனின் இறுதி ஆண்டுகளிலேயே தொடங்கியிருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. அகிரிப்பா எழுப்பிய கோயில் கி.பி. 80இல் எரிந்தது, மீண்டும் எடுக்கப்பெற்றுக் கி.பி. 110இல் மறுபடியும் தீக்கிரையாயிற்று. இன்று 43 மீட்டர் விட்டமுள்ள கவிகையோடு வியப்பூட்டி நிற்பது அதன்பின் எழுந்த கோயில். புதிதாகக் கட்டியவர்கள் பழைய பெயரையே முகப்பில் ஏற்றி வைத்தனர்.

செங்கல்லின் மேலுள்ள முத்திரை சொல்லும் செய்தி அளவிற் சிறியது, ஆயினும் செறிவுடையது. களிமண் நிலம் யாருடையது, சூளைப் பட்டறையை நடத்தியவர் யார், சில வேளைகளில் அவ்வாண்டின் கான்சல்கள் யாவர் என்பன அதில் அடங்கும். நிலவுடைமையாளருள் பெண்களும் உண்டு. மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசரின் தாயாகிய தொமிதியா லூசில்லாவின் பெயர் தாங்கிய செங்கற்கள் உரோம் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பட்டறை நடத்தியவர்களுள் பலர் அடிமைகள் அல்லது விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள்.

ஆக, ஒரே காலத்துக் கட்டடங்களில் இருவகைப் பெயர்கள் உள்ளன. முகப்பிலுள்ளது படிக்கப்பட வேண்டும் என்றே வெட்டப்பட்ட பெயர். செங்கல்லில் உள்ளது கணக்கு வழக்குக்காக அழுத்தப்பட்டு, சாந்துக்குள் புதைந்துவிட வேண்டிய பெயர். உரோமானியக் கலையைச் சமூகச் சூழலில் வைத்துப் பயில்வது என்பதன் உட்பொருள் இவ்விரு பெயர்களையும் சேர்த்துப் படிப்பதே எனலாம். செய்வித்தவர் யார், செய்தவர் யார், எவர் காண்பதற்காகச் செய்யப்பட்டது, எவர் கண்ணுக்கு எட்டாமற் போயிற்று என்னும் நான்கு வினாக்களும் இப்பயிற்சியின் தொடக்கம்.

இவ்வினாக்கள் எளியவையாகத் தோன்றினும், அறிஞர் உலகம் இவற்றை வந்தடைய நீண்ட காலமாயிற்று. 1764இல் பண்டைக் கலை வரலாற்றை எழுதிய வின்கெல்மன், கிரேக்கக் கலையையே உச்சமாகக் கொண்டார். அவர் வழிவந்தோர்க்கு உரோமானியச் சிற்பம் என்பது கிரேக்க மூலத்தின் நகல். காணாமற்போன மூலத்தை ஊகிக்கப் பயன்படும் நிழல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவைச் சேர்ந்த விக்ஹோஃப், ரீகல் ஆகியோர் உரோமானியக் கலைக்கு அதற்கே உரிய நோக்கும் நெறியும் உண்டென நிறுவ முற்பட்டனர். 20ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பொதுவுடைமைச் சிந்தனையாளர் பியாங்கி பாந்தினெல்லி, ஆளும் மையத்தின் கலை ஒன்று, எளியோர் கலை ஒன்று என இரு நீரோட்டங்களைக் காட்டினார். 1987இல் பவுல் சாங்கர், அகஸ்டஸ் காலத்து உருவங்கள் எவ்வாறு ஆட்சியின் மொழியாகவே இயங்கின என்பதை ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். கோயில், நாணயம், வீட்டுச் சுவர், விளக்கு ஆகிய அனைத்தும் ஒரே சொற்றொகுதியைப் பேசியதை அவர் நூல் காட்டிற்று. அழகா பயனா என்ற பழைய வழக்கை இவ்வறிஞர்கள் தீர்த்துவிடவில்லை. அவ்வழக்கு நடைபெறும் மன்றத்தை அகலப்படுத்தினர்.

சூழல் என்பது கலைப்படைப்பைச் சுற்றிக் கட்டிய வேலியன்று. உரோமானியரைப் பொறுத்தவரை அது கட்டடத்தின் வடிவத்துக்குள்ளேயே குடியிருந்தது. கட்டடக்கலை பற்றி இலத்தீனில் நூல் எழுதி அகஸ்டசுக்குக் காணிக்கையாக்கிய விட்ருவியஸ், வீட்டின் அமைப்பு உடையவரின் நிலைக்கேற்ப இருக்க வேண்டும் என்கிறார். சாதாரண மக்களுக்குப் பெரிய முகமண்டபமும் முற்றக்கூடமும் தேவையில்லை. அவர்கள் பிறரைக் காணப் போகிறவர்களே ஒழியப் பிறரால் காணப்படுபவர்கள் அல்லர் என்பது அவர் தரும் காரணம். பெருவீட்டின் கூடம் நாள்தோறும் காலையில் வணக்கம் செலுத்த வரும் சார்ந்தோரை எதிர்நோக்கியே அமைந்தது. பொம்பேயி நகரில் சில வீடுகளின் வாயிற்புறத்தில் கற்றிண்ணைகள் இன்றும் உள்ளன. கூடத்தின் ஓவியத்தையும் தூணையும் வருணிப்பவர் திண்ணையில் காத்திருந்தவரை மறந்தால் அந்த வீட்டின் இலக்கணத்தையே தவறவிட்டவராவார்.

கொலோசியம் என வழங்கும் பெருவட்டரங்கு இதற்குப் பேருருவான சான்று. கி.பி. 64ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப்பின் நீரோ தமக்கென அமைத்த பொன்மாளிகையின் ஏரி இருந்த இடத்தில் வெஸ்பேசியன் இதனைத் தொடங்கினார். அவர் மகன் தீத்தஸ் கி.பி. 80இல் திறந்து வைத்தார். ஒருவர் இன்பத்துக்காகக் கைக்கொள்ளப்பட்ட நிலம் மக்களுக்கு மீண்டது என்பது அதன் அரசியற் பொருள். ஆயினும் உள்ளே நுழைந்த மக்கள் சமமாக அமரவில்லை. களத்தருகே ஆட்சிமன்றத்தார், அடுத்துக் குதிரைவீரர் வகுப்பினர், அதற்குமேல் பொதுக்குடிமக்கள், உச்சியில் பெண்களும் அடிமைகளும் என அடுக்கப்பட்டது அவை. ஏறக்குறைய 50,000 பேர் ஒரே நேரத்தில் தத்தம் இடத்தை அறிந்துகொண்ட கட்டடம் அது. 1995இல் கேசா ஆல்ஃபெல்தி என்னும் கல்வெட்டறிஞர் அங்குக் கிடைத்த கல்லொன்றில், பிற்கால எழுத்துகளுக்கு அடியில் இருந்த சிறு துளைகளை ஆராய்ந்தார். அவை முன்பு பதித்திருந்த உலோக எழுத்துகளின் முளைத் துளைகள். போரில் கிடைத்த கொள்ளைப் பொருளால் இவ்வரங்கம் கட்டப்பட்டது என்னும் வாசகத்தை அவர் அவற்றிலிருந்து மீட்டெடுத்தார். யூதப் போரின் செல்வமே அது என்பது பலரும் ஏற்கும் முடிவு. எழுத்து போய்விட்ட பின்னும் துளை பேசிற்று.

பேரரசர்களின் கட்டடங்கள் பற்றிப் பேசுவோர் பலர். சமூக நோக்கின் உண்மையான பயன், நகர வாயிலுக்கு வெளியே செல்லும் சாலைகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. உரோமானியர் இறந்தோரை நகரெல்லைக்குள் அடக்கம் செய்வதில்லை. சாலையோரங்களில் கல்லறைகள் வரிசையாக நின்றன. அவற்றில் பெருந்தொகையானவை முன்னாள் அடிமைகளுடையவை. அடிமைக்குச் சட்டத்தில் தந்தை இல்லை. சட்டப்படியான மணம் இல்லை. பிறந்த குழந்தை தாயின் உடைமையாளருக்குச் சொந்தம். விடுதலை பெற்றவர் குடிமகனாகிறார். தம்மை விடுவித்தவரின் குலப்பெயரைத் தம் பெயருக்கு முன் சூடிக்கொள்கிறார். பிறப்பால் உரிமையுள்ளவர் இன்னாரின் மகன் என்று எழுதும் இடத்தில் இவர் இன்னாரால் விடுவிக்கப்பட்டவர் என்று எழுதவேண்டும்.

இதனை அறிந்தபின் அக்கல்லறைச் சிற்பங்களைப் பார்த்தால் அவற்றின் விறைப்பு வேறு பொருள் தருகிறது. சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களைப்போல் மார்பளவு உருவங்கள் வரிசையாக நிற்கும். ஆண் குடிமகனுக்குரிய தோகா என்னும் மேலாடை போர்த்தியிருப்பார். கணவனும் மனைவியும் வலக்கைகளைப் பற்றியிருப்பர். நடுவே சிறுவன் இருந்தால், உரிமையுடன் பிறந்த குழந்தைக்கே உரிய தாயத்து அவன் கழுத்தில் தொங்கும். கைத்திறம் குறைந்த சிற்பி ஒரே அச்சில் வார்த்த உருவங்கள் என்று முற்காலத்தார் இவற்றைத் தள்ளிவைத்தனர். ஆனால் தோகா, பற்றிய கை, தாயத்து ஆகிய ஒவ்வொன்றும் முன்பு மறுக்கப்பட்டிருந்த ஓர் உரிமையின் பெயர். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் கற்பனை வறட்சி என்று முடிவு கட்டுவதற்குமுன் அவ்வடிவம் அடைவதற்கு எவ்வளவு அரிதாயிருந்தது என்பதை எண்ணிப்பார்த்தல் தகும்.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் அத்தகைய கல் ஒன்றைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பொருந்தும். இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அக்கல் கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் உள்ளவர்கள் உரோம் நகரின் விமினல் குன்றில் இறைச்சிக்கடை வைத்திருந்த இலூசியஸ் அவுரேலியஸ் எர்மியா, அவர் மனைவி அவுரேலியா ஃபிலேமாத்தியம். இருவரும் விடுதலை பெற்ற அடிமைகள். ஒரே இல்லத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். சிற்பத்தில் மனைவி கணவரின் கையை உயர்த்தித் தம் உதட்டில் வைத்திருக்கிறார். இருமருங்கும் இலத்தீன் செய்யுள் வெட்டப்பட்டுள்ளது. ஒருபுறம் கணவர் மனைவியைப் பற்றிப் பேசுகிறார். மறுபுறம் மனைவி தம் குரலிலேயே பேசுகிறார். தாம் ஏழு வயதினராயிருந்தபோது அவர் தம்மை ஏற்றுப் பேணியதையும், அவர் தமக்குப் பெற்றோரினும் மேலானவராக இருந்ததையும், நாற்பதாம் வயதில் சாவு தம்மை ஆட்கொண்டதையும், தம் இடையறாத பணிவிடையால் அவர் வாழ்வு செழித்ததையும் அவர் சொல்லுகிறார்.

ஃபிலேமாத்தியம் என்பது கிரேக்கச் சொல். சிறுமுத்தம் என்பது அதன் பொருள். அது அடிமைப் பெண்ணுக்கு உடைமையாளர் இட்ட செல்லப்பெயர் வகையைச் சார்ந்தது. நாய்க்குட்டிக்குப் பெயர் வைப்பதுபோல் வைக்கப்பட்ட அப்பெயரை அவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார். கல்லில் அவர் கணவரின் கையை முத்தமிடும் கோலத்தில் நிற்கிறார். பெயரின் பொருளைச் சிற்பத்தின் செயல் ஏற்றுக்கொள்கிறது. அடிமைப் பெயராக வந்தது இங்கே மனைவியின் அன்புக் குறியாக மாறுகிறது. சிற்பியின் உளி நுண்மையுடையது என்று சொல்ல இயலாது. ஆயினும் கல்லும் செய்யுளும் பெயரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்வமைப்பு கவிதையின் பாற்பட்டதே. அதே வேளையில் ஏழு வயது என்னும் செய்தி வாசகரை உறுத்தாமல் விடாது. அக்குழந்தையின் தாய் தந்தையர் யாவர் என்பதைக் கல் சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் வேறொரு சொல் உள்ளது: அவரே பெற்றோரினும் மேலானவர். இல்லாத பெற்றோரின் இடம் அச்சொல்லின் அடியில் குழிந்து தெரிகிறது.

இனி, உரோமின் கிழக்கே, இரு பழஞ்சாலைகள் பிரியும் முனையில் நிற்கும் ஒரு ரொட்டிக்காரரின் கல்லறைக்கு வரலாம். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் எழுந்த அது இன்று மஜ்ஜோரே வாயிலுக்கு அருகில் உள்ளது. கிளவுதியஸ் கி.பி. 52இல் முடித்த நீர்க்கால்வாய் அதற்கு மிக அருகே தாண்டிச் சென்றது; பின்னர் எழுந்த நகர மதிலின் கோபுரத்துள் கல்லறை மூடுண்டது; 1838இல் அக்கோபுரம் இடிக்கப்பட்டபோது மீண்டும் வெளிப்பட்டது. அடக்கமானவர் மார்க்கஸ் வெர்கிலியஸ் எவுரிசாசஸ். அவர் ரொட்டி சுடுபவர், ஒப்பந்தக்காரர் என்று கல்வெட்டு கூறுகிறது. அரசுக்கு ரொட்டி வழங்கும் ஒப்பந்தமாக இருத்தல் கூடும். விடுவிக்கப்பட்டவர் என்னும் குறி அதில் இல்லை. எனினும் கிரேக்கப் பெயரை வைத்து அவரை முன்னாள் அடிமையாகப் பலர் கருதுகின்றனர். கல்வெட்டின் இறுதிச் சொல் இருபொருள் படுவது. 'தெளிவாகத் தெரிகிறது' என்றும் கொள்ளலாம். அரசு அலுவலரின் பணியாள் என்னும் பதவிப் பெயரின் சுருக்கம் என்றும் கொள்ளலாம். முதற்பொருளைக் கொண்டால், கல்லறையைப் பார்த்தவுடனே இது யாருடையது என விளங்கும் என்று அவர் பெருமிதத்தோடு நகைப்பதாக ஆகும்.

விளங்கத்தான் செய்கிறது. அக்கல்லறையின் சுவரில் தூண்களுக்குரிய வழக்கமான அழகுகள் இல்லை. கீழே நெட்டுக்குத்தான உருளைகளும், மேலே வாய்திறந்து பார்க்கும் வட்டத் துளைகளும் வரிசையாக உள்ளன. அவை மாவு பிசையும் கலங்களின் வடிவம் என்பது பெரும்பாலோர் கருத்து. உச்சியில் ஓடும் சிற்பப் பட்டையில் ரொட்டியின் பிறப்பு முழுமையும் காட்டப்படுகிறது. தானியம் பெறப்பட்டுக் கணக்கில் பதியப்படுகிறது, கழுதைகள் ஆலைக்கல்லைச் சுற்றுகின்றன, மாவு சலிக்கப்படுகிறது, பெரிய கலத்தில் பிசையப்படுகிறது, நீண்ட மேசைகளில் உருட்டப்படுகிறது, அடுப்பில் வைக்கப்படுகிறது, கூடைகளில் ஏற்றி நிறுக்கப்படுகிறது. எவுரிசாசசும் மனைவியும் நிற்கும் பெருஞ்சிற்பம் இன்று உரோமின் பழைய மின்நிலையத்தில் அமைந்த மொந்தெமார்த்தினி அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லறையருகே கிடைத்த மற்றொரு கல்வெட்டு அத்திஸ்தியா என்னும் பெண்ணின் எலும்பு எச்சங்கள் ரொட்டிக் கூடைக்குள் இருப்பதாகச் சொல்கிறது. அவரே மனைவி எனப் பொதுவாகக் கருதப்படுகிறார். துணைவியின் அடக்கக் கலத்தையும் தொழிலின் பெயரால் அழைத்த மனிதரின் உள்ளம், இகழ்ச்சிக்கு அஞ்சாத உள்ளம்.

இகழ்ச்சி இருந்தது. நீரோ காலத்தவர் எனக் கருதப்படும் பெத்ரோனியஸ் எழுதிய கதையில் திரிமால்கியோ என்னும் முன்னாள் அடிமை விருந்தின் நடுவே தம் கல்லறையைத் திட்டமிடுகிறார். பாய் விரித்த கப்பல்கள் வேண்டும், பொன்மோதிரங்களோடு தாம் மேடையில் அமர்ந்து காசு வழங்கும் காட்சி வேண்டும் என்கிறார். படிப்பவர் நகைக்கவே எழுதப்பட்ட பகுதி அது. நெடுங்காலம் ஆய்வாளர் பலரும் அந்த நகைப்பின் வழியாகவே எவுரிசாசசைப் பார்த்தனர்; புதுப்பணக்காரரின் நயமற்ற ஆடம்பரம் என்றனர். 2006இல் வெளிவந்த நூலில் லாரன் ஹாக்வொர்த் பீட்டர்சன் இந்தப் பழக்கத்தையே கேள்விக்குள்ளாக்கினார். உயர்குடியினர் எழுதிய எள்ளலைச் சான்றாகக் கொண்டு எளியோர் எழுப்பிய கல்லை மதிப்பிடுவது முறையா என்பது அவர் வினா. பொம்பேயியில் நேவோலேயா தூக்கே என்னும் முன்னாள் அடிமைப் பெண் எழுப்பிய கல்லறையில் கப்பல் உண்மையாகவே இருக்கிறது. அதனைத் தமக்கும் காயஸ் முனாத்தியஸ் ஃபவுஸ்தசுக்கும் மட்டுமன்றித் தாங்கள் இருவரும் விடுவித்த ஆடவர் பெண்டிர்க்கும் உரியதாக அவர் எழுதி வைத்தார். மேலே சிறு சன்னலிலிருந்து அவர் முகம் சாலையைப் பார்க்கிறது. கதையில் நகைப்புக்குரியதாக வந்த கப்பல் இங்கே ஒரு பெண் விடுவிக்கப்பட்டோர் அனைவர்க்கும் பகிர்ந்தளித்த வீட்டின் நிலைப்படம். இலக்கியம் எப்போதும் உண்மையின் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கை உடையோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் எளியோர் கலை என்று போற்றிவிட்டு இங்கே நின்றுவிட்டால் ஆய்வு பாதியிலே முறியும். எவுரிசாசசின் சிற்பப் பட்டையை மீண்டும் பார்த்தால் அங்கே இருவகை மனிதர் உள்ளனர். தோகா அணிந்தவர்கள் நின்று மேற்பார்க்கின்றனர். குட்டையாடை அணிந்தவர்கள் குனிந்து உழைக்கின்றனர். எவுரிசாசசின் பெயர் கல்லில் பலமுறை வருகிறது. மாவு உருட்டுபவர்களுக்குப் பெயர் இல்லை. அடிமைநிலையிலிருந்து மேலேறியவர் தாம் உடைமையாளரானபின் எழுப்பிய நினைவுச்சின்னம் அது. ஒழுங்காக, சலிப்பின்றி, சீரான இடைவெளியில் நடைபெறும் அவ்வேலை உடைமையாளர் கண்ணுக்குத் தெரிந்த வேலை.

அதே வேலையின் மறுபக்கம் 2023 டிசம்பரில் வெளிப்பட்டது. பொம்பேயியின் ஒன்பதாம் வட்டாரத்தில் நடந்த அகழாய்வில், ஒரு வீட்டோடு ஒட்டிய ரொட்டிக்கூடம் அறிவிக்கப்பட்டது. அதன் சன்னல்கள் சிறியவை; உயரத்தில் இருந்தன; இரும்புக் கம்பியிடப்பட்டிருந்தன. வெளியே செல்ல வழி வீட்டின் உட்புறமாகவே இருந்தது. ஆலைக்கல்லைச் சுற்றும் விலங்குகளின் கண் கட்டப்பட்டிருக்கும். அவை அடி தவறாமல் சுற்றுவதற்காகத் தரைக்கல்லில் வளைபள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. அங்கே அடிமைகளும் விலங்குகளும் அடைத்து வைக்கப்பட்டு உழைத்தனர் என்று அகழாய்வாளர் விளக்கினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அப்புலேயஸ் தம் கதையில் கழுதையின் கண்வழியாக ஆலைக்கூடத்து மனிதரைக் காட்டியிருக்கிறார். உடலெல்லாம் தழும்பு, கந்தல், காலில் தளை. அது கற்பனை மிகை என்று எண்ணியவர்களுக்கு அந்தக் கம்பிச் சன்னல் விடையளிக்கிறது. எவுரிசாசசின் கூடமும் இவ்வாறே இருந்தது என்று சொல்லச் சான்றில்லை. அவர் சிற்பத்தில் சன்னல் இடம்பெறவில்லை என்பது மட்டும் கண்கூடு.

அரிதாக, உழைப்பின் பாரம் உடைமையாளரின் கல்லிலேயே பதிந்துவிடுவதும் உண்டு. 1848இல் உரோமுக்கு வெளியே கண்டெடுக்கப்பட்டு வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அத்தேரியர் குடும்பக் கல்லறைச் சிற்பம் அத்தகையது. கட்டட ஒப்பந்தத் தொழிலில் ஈடுபட்டவர்கள் எனக் கருதப்படும் அக்குடும்பத்தார் தம் கல்லறையில் பாரந்தூக்கிப் பொறி ஒன்றைச் செதுக்கச் செய்தனர். அதன் பெருஞ்சக்கரத்தின் உள்ளே மனிதர்கள் ஏறி மிதிக்கின்றனர். மேலே கயிறுகளைப் பிடித்தபடி சிலர் தொங்குகின்றனர். பேரரங்குகளும் வெற்றி வளைவுகளும் எந்த ஆற்றலால் உயர்ந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. திராயன் பேரரசர் கி.பி. 113இல் நிறுத்திய வெற்றித்தூணிலும் வேலை உண்டு. ஏறத்தாழ 200 மீட்டர் நீளமாகச் சுருண்டேறும் அச்சிற்பத்தில் படைவீரர் போர் செய்வதைக் காட்டிலும் மரம் வெட்டுவதும் அரண் கட்டுவதும் மிகுதி. அங்கே உழைப்பு அரசின் ஒழுங்கு. எவுரிசாசசிடம் அது தொழிலின் பெருமை. அத்தேரியர் சக்கரத்திலோ அது உடம்பின் எடை.

சமூகச் சூழல் என்ற பெயரில் கலையையே மறந்துவிடும் இடர் ஒன்றும் உண்டு. கல்லறையை வகுப்பு நிலைக்குச் சான்றாவணமாக மட்டும் படிப்பவர், எவுரிசாசஸ் ஏன் வெறும் கல்வெட்டோடு நிறைவடையவில்லை என்பதை விளக்க முடியாது. மாவுக்கலத்தின் வாயைத் தூணின் இடத்தில் வைக்கத் துணிந்தது வடிவத்தில் நிகழ்ந்த செயல். அவர் செல்வரானதற்குச் செல்வம் காரணமாகலாம்; இந்த வடிவம் தோன்றியதற்குச் செல்வம் மட்டும் காரணமாகாது. அதேபோல் ஆளும் மையத்தின் கலை, எளியோர் கலை என்னும் பிரிவும் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரே கல்லறையில் எவுரிசாசசும் மனைவியும் உயர்குடியினர் கோலத்தில் நிற்கின்றனர்; மேலே உழைப்பாளர் வேறொரு நடையில் நடமாடுகின்றனர். ஒரு மனிதர் இரண்டு நடைகளையும் அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டியதைக் கையாண்டிருக்கிறார். சூழலை நன்கறிந்தவர்க்கே இந்தத் தேர்வு தேர்வாகத் தெரியும்.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியின் அரெத்சோ வகைச் செந்நிறப் பாண்டங்களின் உடைசல்கள் கிடைத்தன. சிலவற்றின் அடியில் பட்டறை முத்திரைகள் இருந்தன. அவ்வகைப் பாண்டங்களைச் செய்த பட்டறைகளில் அடிமைக் குயவர்கள் பலர் உழைத்தனர் என்பதும், உடைமையாளர் பெயரோடு அடிமையின் பெயரும் சேர்த்து முத்திரையிடும் வழக்கம் அங்கு இருந்தது என்பதும் வேறு இடங்களில் கிடைத்த ஆயிரக்கணக்கான முத்திரைகளால் அறியப்படுவன. ஆக, உரோமானிய அடிமை உழைப்பு கடல் கடந்து வங்கக் கரைக்கு வந்து சேர்ந்ததுண்டு. காலத்தைக் கணிக்க அவ்வோடுகள் பயன்பட்டன. அவற்றை வனைந்த கைகளை எண்ணிப் பார்க்கவும் அவை பயன்படும்.

முகப்பிலுள்ள பெயரைப் படிப்பதற்குக் கண் போதும். சுவருக்குள் இருக்கும் பெயரைப் படிப்பதற்குச் செங்கல்லை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சன்னலின் கம்பியையும், தரையின் பள்ளத்தையும், எழுத்து உதிர்ந்த துளையையும் எழுத்தாகக் கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது. ஏழு வயதில் ஒரு வீட்டுக்கு வந்து, பிறர் இட்ட பெயரைத் தம் கடைசி முத்தமாக மாற்றிக்கொண்ட பெண்ணின் கல் இன்றும் ஓர் அருங்காட்சியகச் சுவரில் இருக்கிறது. அச்செய்யுளை இயற்றியவர் பெயர் அக்கல்லில் இல்லை. செதுக்கியவர் பெயரும் இல்லை. அவ்விருவரும் யாவர் என்னும் வினாவைக் கவிஞர்கள் நிறைந்த இவ்வவையின்முன் வைத்து இவ்வுரை நிறைவுறுகிறது.